எதைச் செய்தால் நம் கோபம் தீரும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'இந்த நிறுவனத்தின் பொருளை இனி யாரும் வாங்காதீர்கள்' என்று ஏதாவது ஓர் அழைப்பு வாராவாரம் கைபேசிக்கு வந்துவிடுகிறது. போன வருடம் அப்படி வந்த ஒன்றை நானே பரப்பினேன். ஒரு முதலாளி ஒரு சமூகத்தாரை இழிவாகப் பேசியதாக ஒரு ஸ்க்ரீன்ஷாட். படித்ததும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எங்கே பேசினார், எப்போது பேசினார், யார் கேட்டார்கள் என்று ஒரு கேள்விகூட எழவில்லை. கீழே 'சூடு சொரணை உள்ளவர்கள் பகிரவும்' என்று இருந்தது. பதினொரு குழுக்களுக்கு அனுப்பிவிட்டு, நல்ல காரியம் செய்த நிறைவோடு தூங்கினேன்.

மூன்றாம் நாள் அது போலி என்று தெரிந்தது. மறுப்பை இரண்டே குழுக்களுக்குத்தான் அனுப்பினேன். அதில் ஒன்றிலிருந்து வந்த பதில்: "இருந்தாலும் அவங்க அப்படிப் பேசக்கூடிய ஆளுங்கதான்."

அந்த 'இருந்தாலும்' இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இணையம் வந்துதான் எல்லாம் கெட்டது என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது. 1980களின் தொடக்கத்தில், சோப்பு போன்ற வீட்டு உபயோகப் பொருள்களைத் தயாரிக்கும் அமெரிக்காவின் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். பிறை நிலா முகமும் 13 நட்சத்திரங்களும் கொண்டது அதன் பழைய லோகோ. அமெரிக்கா முதலில் 13 காலனிகளாக இருந்ததைத்தான் அந்த நட்சத்திரங்கள் குறித்தன. ஆனால் அது சாத்தானின் சின்னம், நிறுவனத் தலைவரே தொலைக்காட்சியில் தோன்றி லாபத்தைச் சாத்தான் வழிபாட்டுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார் என்று துண்டுப் பிரசுரங்கள் பரவின. அப்படி ஒரு நிகழ்ச்சியே நடக்கவில்லை. 1982 ஜூன் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார்கள். பில்லி கிரஹாம் போன்ற பெயர்பெற்ற மதபோதகர்களே இது பொய் என்று எழுதிக் கொடுத்தும் பேச்சு அடங்கவில்லை. 1985இல் பொருள்களின் உறைகளிலிருந்து லோகோவையே எடுத்துவிட்டார்கள். அப்புறமும் ஓயவில்லை. அந்தக் கதையைப் பரப்பியதற்காகப் போட்டி நிறுவனத்தின் முன்னாள் விநியோகஸ்தர்கள் நான்கு பேர் 1.925 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று ஜூரி தீர்ப்பளித்தபோது ஆண்டு 2007!

அதைப் பரப்பியவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். தங்கள் குழந்தைகளையும் நம்பிக்கையையும் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். சிக்கலே அங்கேதான். அறச்சீற்றம் வரும்போது ஓர் இன்பமும் கூடவே வருகிறது. கைக்காசு செலவில்லாமல், ஒரு விரலசைவில், நாம் நல்லவர்களின் பக்கம் போய் நின்றுவிடுகிறோம். அந்த நேரத்தில் 'இது உண்மையா?' என்று கேட்பவர் எதிரியின் ஆளாகத் தெரிகிறார். மறுப்பை அனுப்புவதிலோ எந்தச் சுகமும் இல்லை, கூச்சம்தான் மிச்சம். ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய செய்திகளை ஆராய்ந்து 2018இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான கட்டுரை, 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைவிட ஆறு மடங்கு நேரம் பிடித்ததாகச் சொன்னது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தும் முடிவு மாறவில்லை. பரப்பியது நம்மைப் போன்ற மனிதர்கள்தான்.

இதைவிடக் கொடியதும் நடந்திருக்கிறது. 1969இல் பிரான்ஸின் ஓர்லியான் நகரில், யூதர்கள் நடத்திய துணிக்கடைகளில் உடை மாற்றும் அறைக்குள் போகும் பெண்கள் கடத்தப்படுவதாக வதந்தி கிளம்பியது. ஒரு பெண்கூடக் காணாமல் போகவில்லை. போலீஸில் ஒரு புகாரும் இல்லை. அதற்கும் பதில் வைத்திருந்தார்கள்: போலீஸையும் பத்திரிகைகளையும் விலைக்கு வாங்கிவிட்டார்களாம்! கடைகளின் வாசலில் கூட்டம் கூடி மிரட்டும் அளவுக்குப் போனது. ஏற்கெனவே மனதுக்குள் இருந்த வெறுப்பு வெளியே வர ஒரு சாக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். எனக்கு வந்த 'இருந்தாலும்' பதிலும் அதே ரகம்தான்.

நிறுவனங்களுக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. வாங்க மாட்டேன் என்று சொல்வது எளிய மக்களின் கையில் உள்ள வலுவான ஆயுதம். 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மான்ட்கமரி நகரில் பேருந்துகளில் நிலவிய இனப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏற மறுத்தார்கள். 381 நாள் நடந்தே வேலைக்குப் போனார்கள், கார்களைப் பகிர்ந்துகொண்டார்கள். முதலில் அவர்கள் கேட்டவை தெளிவானவை: ஓட்டுநர்கள் மரியாதையாக நடத்த வேண்டும், முதலில் வருபவருக்கு இடம் தர வேண்டும், தங்கள் பகுதி வழித்தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களை நியமிக்க வேண்டும். நடந்து தேய்ந்த செருப்பு ஒவ்வொன்றும் அந்தக் கோரிக்கைகளுக்காகத் தேய்ந்தது. கடைசியில் பேருந்துகளில் இனப் பாகுபாடே நீதிமன்றத் தீர்ப்பால் ஒழிந்தது.

சரி, சாத்தான் கதையை நம்பியவர்கள் என்ன கேட்டார்கள்? இல்லாத வழிபாட்டை அந்த நிறுவனம் எப்படி நிறுத்தும்? நான் பரப்பிய ஸ்க்ரீன்ஷாட்டிலும் கோரிக்கை என்று எதுவும் இல்லை. இப்போதெல்லாம் இப்படி ஏதாவது வந்தால் முதலில் அதைத்தான் தேடுகிறேன்: அவர்கள் எதைச் செய்தால் நாம் மறுபடி வாங்குவோம்? பதில் இல்லையென்றால் நான் தொடுவதில்லை. ஏனென்றால் ஒவ்வொரு பொய்யும் உண்மையான புகாரின் பலத்தையும் சேர்த்தே உறிஞ்சிவிடுகிறது. நாளை உழைப்பாளிகளைச் சுரண்டும் ஒரு நிறுவனத்தின்மீது நியாயமான குற்றச்சாட்டு எழும்போது, 'இதுவும் வாட்ஸ்அப் வதந்திதான்' என்று அது சுலபமாக ஒதுங்கிக்கொள்ளும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். புறக்கணிப்பு அழைப்பைச் செய்தியாக்கும்போது அதன் கோரிக்கை என்ன, குற்றச்சாட்டு முதலில் எங்கிருந்து வந்தது என்ற இரண்டையும் கேட்டு எழுதுங்கள். பொய்யென்று தெரிந்தால் மறுப்பை அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள்.

இந்தக் கடிதத்தை எழுத உட்காருமுன் மீதி ஒன்பது குழுக்களுக்கும் அந்த மறுப்பை அனுப்ப முயன்றேன். அவற்றில் இரண்டு குழுக்கள் இப்போது இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்