முன்மொழிவை அனுப்பும் முன்: டீம் பில்டிங் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களுக்கு டீம் பில்டிங் நிகழ்ச்சிகளை, அதாவது ஒரு குழுவினர் சேர்ந்து நன்றாக வேலை செய்ய உதவும் பயிற்சிகளை, வடிவமைத்து நடத்தித் தரும் பயிற்றுநர்களுக்கும் பயிற்சி நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பல ஆண்டுகளாக இதே தொழிலில் உங்களோடு இருப்பவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். நமக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. நாற்பது பேர், ஒரு நாள், எல்லோரும் கலந்துகொள்ளும்படி ஏதாவது செய்து கொடுங்கள், முன்மொழிவை இன்று மாலைக்குள் அனுப்புங்கள் என்கிறார்கள். நாமும் சரி என்கிறோம். கணினியில் தயாராக இருக்கும் கோப்பைத் திறந்து, பழைய வாடிக்கையாளரின் பெயரை எடுத்துவிட்டுப் புதிய பெயரைப் போட்டு, விளையாட்டுகளின் வரிசையைச் சற்றே மாற்றி அனுப்பிவிடுகிறோம். அந்த நாற்பது பேருக்கு என்ன தேவை என்று அதுவரை யாரையும் கேட்டிருக்க மாட்டோம். இந்தப் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

நானும் அப்படிச் செய்தவன்தான். ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்கும் சேவைப் பிரிவுக்கும் இடையே ஒற்றுமை இல்லை என்று மனிதவளத் துறையிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். ஒற்றுமை என்ற சொல்லைக் கேட்டதும், நம்பிக்கையை வளர்க்கும் பயிற்சிகளை அடுக்கி அன்று மாலையே முன்மொழிவை அனுப்பினேன். நிகழ்ச்சி நாளில் இரு பிரிவினரையும் இணை இணையாக நிறுத்தி, ஒருவர் கண்ணைக் கட்டி மற்றவர் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வைத்தேன். எல்லாரும் நன்றாகவே நடந்தார்கள், சிரித்தார்கள், கைதட்டினார்கள். தேநீர் இடைவேளையில் சேவைப் பிரிவைச் சேர்ந்த ஒருவர், கையிலிருந்த கண்கட்டுத் துணியை நான்காக மடித்தபடியே என்னிடம் வந்தார். "எங்களுக்குள் நட்புக்கு ஒன்றும் குறைவில்லை சார். ஆர்டர் எடுக்கும்போது இத்தனை நாளில் முடித்துத் தருகிறோம் என்று வாக்குக் கொடுக்கிறார்களே, அதற்கு முன்னால் எங்களை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள், அது போதும்" என்றார். மடித்த துணியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர்களுடைய சிக்கல் மனத்தில் இல்லை, வேலை நடக்கும் முறையில் இருந்தது. விற்பனைப் பிரிவு தேதி சொல்லும், அந்தத் தேதி தவறும்போது வாடிக்கையாளரின் கோபத்தைச் சேவைப் பிரிவு வாங்கிக்கொள்ளும். அதைத் தெரிந்துகொள்ள ஓர் அரைமணிப் பேச்சு போதுமாக இருந்திருக்கும். செய்து தர வேண்டியவர்களைக் கேட்காமல் வாக்குக் கொடுக்கிறார்கள் என்பதுதான் அவருடைய குறை. அந்த நிகழ்ச்சியை ஒப்புக்கொண்டபோது நானும் அதையே செய்திருந்தேன் என்பது அன்றிரவுதான் எனக்கு உறைத்தது.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டுமன்று. டீம் பில்டிங்கின் நோக்கங்களை நிறுவன மேம்பாட்டு அறிஞர் ரிச்சர்ட் பெக்ஹார்ட் 1972-இலேயே நான்காகப் பிரித்துக் காட்டினார்: இலக்குகளை வகுப்பது, பொறுப்புகளைப் பிரித்துக்கொள்வது, குழு வேலை செய்யும் முறைகளைச் சீராக்குவது, உறுப்பினர்களுக்கு இடையிலான உறவைச் செம்மைப்படுத்துவது. எந்த ஒரு கூட்டத்திலும் இவற்றுள் முதன்மையான நோக்கம் எது என்பது தெளிவாக இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். நாம் விற்பதோ பெரும்பாலும் நான்காவதைத்தான். 1999-இல் உளவியலாளர் எட்வர்டோ சாலஸும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, டீம் பில்டிங்கால் குழுவின் செயல்திறன் குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்ததாகப் பொதுவாகச் சொல்ல முடியவில்லை. யாருக்கு என்ன பொறுப்பு என்பதைத் தெளிவுபடுத்திய பயிற்சிகளில் மட்டுமே பலன் தெரிந்தது. ஆய்வாளர் கேமரன் க்ளைனும் சாலஸ் உள்ளிட்ட அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட விரிவான தொகுப்பாய்வு நமக்குச் சற்று ஆறுதலானது. டீம் பில்டிங் பலன் தருகிறது என்றே அது காட்டியது. ஆனால் அதிலும் இலக்கு வகுத்தலும் பொறுப்புத் தெளிவுமே முன்னின்றன. ஆக, கண்ணைக் கட்டி நடக்க வைப்பதா, ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்து யார் எதற்குப் பொறுப்பு என்று எழுத வைப்பதா என்பதை, அந்தக் குழுவின் நிலை தெரியாமல் நாம் தீர்மானிக்கவே முடியாது.

கேட்பது என்றால் யாரைக் கேட்பது என்பதில்தான் நாம் பெரிதும் தவறுகிறோம். வாடிக்கையாளர் என்று நாம் ஒருமையில் சொல்பவர் உண்மையில் மூன்று பேர். நம்மை அழைப்பவர் பெரும்பாலும் மனிதவளத் துறையில் இருப்பவர். தேதி, செலவு, தலைக்கணக்கு ஆகியவையே அவருடைய கவலைகள். செலவுக்கு ஒப்புதல் தருபவர் துறைத்தலைவர். வேலையில் ஏதோ ஒன்று அவரை உறுத்துகிறது, ஆனால் அதை அவர் அழைத்தவரிடம் முழுமையாகச் சொல்லியிருப்பதில்லை. மூன்றாமவர்கள் அந்த நாளில் நம் முன்னே வந்து நிற்கப்போகிறவர்கள். அவர்களை யாருமே கேட்பதில்லை. முதலாமவர் தருவதை மட்டும் வைத்து முன்மொழிவு எழுதினால், மண்டபத்துக்கும் உணவு இடைவேளைக்கும் பொருத்தமான நிகழ்ச்சி கிடைக்கும், குழுவுக்குப் பொருத்தமானது கிடைக்காது.

துறைத்தலைவரிடம் நான் இப்போது முதலில் கேட்பது, இந்த நிகழ்ச்சி முடிந்து மூன்று மாதம் ஆனபின், சாதாரணமான ஒரு வேலைநாளில் எது மாறியிருந்தால் இதற்குச் செலவிட்டது சரி என்று நினைப்பீர்கள் என்பதுதான். ஒற்றுமை வளர வேண்டும் என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன். ஒற்றுமை இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், கடைசியாக அது எப்போது கண்ணில் பட்டது என்று கேட்பேன். அப்போதுதான் ஒரு குறிப்பிட்ட கூட்டம், ஒரு குறிப்பிட்ட மின்னஞ்சல், தாமதமான ஒரு வேலை என்று விஷயம் வெளியே வரும்.

கலந்துகொள்ளப் போகிறவர்களில் ஐந்தாறு பேரிடமாவது தனித்தனியே பேசியாக வேண்டும். அவர்கள் சொல்வது பெயரோடு மேலே போகாது என்று உறுதி தர வேண்டும், அதைக் காப்பாற்றவும் வேண்டும். சென்ற ஆறு மாதத்தில் ஆட்குறைப்பு நடந்திருக்கலாம், மேலாளர் மாறியிருக்கலாம், இருவர் ஒரே பதவி உயர்வுக்குப் போட்டியிட்டு ஒருவருக்குக் கிடைத்திருக்கலாம். அது தெரியாமல் அந்த இருவரையும் எதிரெதிர் அணியில் நிறுத்தி வெற்றி தோல்வி விளையாட்டு நடத்தினால் புண்ணைக் கிளறியவர்களாவோம். மூட்டு வலி, கர்ப்பம், காது கேளாமை, உயரத்தைக் கண்டால் அச்சம் ஆகியவற்றை எல்லார் முன்னிலையிலும் சொல்லி விலகி நிற்கும் நிலைக்கு ஒருவரைத் தள்ளுவதும் நாம் முன்கூட்டியே கேட்காததன் விளைவே.

குழுவின் வயதும் முக்கியம். குழுக்கள் உருவாதல், முட்டிமோதல், நெறிப்படல், செயல்படல் என்ற கட்டங்களைக் கடக்கின்றன என்று உளவியலாளர் ப்ரூஸ் டக்மன் 1965-இல் எழுதியதை நாம் எல்லாரும் நம் ஸ்லைடுகளில் போடுகிறோம். ஆனால் நம்மை அழைத்த குழு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்பதில்லை. பத்து ஆண்டுகளாக ஒன்றாக வேலை செய்பவர்களிடம் போய்ப் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள் என்பது அவர்களை அவமதிப்பதாகும்.

இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்று நீங்கள் சொல்வீர்கள். சில வேலைகள் போகும், எனக்கும் போயிருக்கின்றன. ஆனால் அவசரமாக முன்மொழிவு கேட்பவருக்கு அதற்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்பை அன்றே அனுப்பலாம். நாங்கள் இதுவரை புரிந்துகொண்டது இது, இன்னும் தெரிய வேண்டியது இது, இன்னாரிடம் அரைமணி நேரம் பேச வேண்டும் என்று அதில் எழுதினால், பத்து ஸ்லைடுகளைவிட அதைக் கவனமாகப் படிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேட்டபின் மூன்று விதமான பதில்கள் வரலாம். பயிற்சி தேவை என்றால் அதற்கேற்ப வடிவமைக்கலாம். வேலைப்பளுவோ ஊதியமோ ஒரு மேலாளரின் நடத்தையோதான் சிக்கல் என்றால், இதற்கு நிகழ்ச்சி உதவாது என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். கடினமான ஓர் ஆண்டு முடிந்திருக்கிறது, எங்கள் ஆட்கள் ஒரு நாள் மகிழ்ச்சியாக இருக்கட்டும் என்றால், அதுவும் மதிக்கத்தக்க தேவைதான். அதை அந்தப் பெயரிலேயே சிறப்பாகச் செய்து கொடுப்போம், தலைமைப்பண்பு என்றும் மனமாற்றம் என்றும் பெயர் சூட்ட வேண்டாம்.

நிகழ்ச்சி முடிந்த கையோடு நாம் நிரப்பித் தரச் சொல்லும் கருத்துப் படிவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சியின் பலனை அளக்க, பயிற்சி மதிப்பீட்டு அறிஞர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் நான்கு நிலைகளை வகுத்தார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, வேலையில் விளைவு தெரிந்ததா. நம் படிவம் முதலாவதோடு நின்றுவிடுகிறது. கண்ணைக் கட்டி நடத்திய அந்த நாளில் எனக்கும் மிக நல்ல மதிப்பெண்தான் கிடைத்தது.

சில வாரங்கள் கழித்து, கட்டணம் எதுவும் வாங்காமல் அந்த நிறுவனத்துக்கு மறுபடியும் போனேன். இரு பிரிவிலிருந்தும் நான்கு நான்கு பேர், ஒரு சிறிய கூட்ட அறை, இரண்டு மணி நேரம். மேசையில் அவர்களுடைய ஆர்டர் படிவத்தை மட்டும் வைத்தோம். அவர்கள் வெளியே வரும்போது, தேதி எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் சேவைப் பிரிவின் கையொப்பத்துக்கு ஒரு புதிய கட்டம் இருந்தது.

இப்படிக்கு,
உங்களில் ஒரு பயிற்றுநர்