ஒரு மாலையை ஒலிப்பதிவு செய்து வையுங்கள்

ஏற்காடு கோடை விழாவை நடத்தும் அலுவலர்களுக்கும் விழாக் குழுவினருக்கும் வணக்கம்.

என் தாய்மாமா சேலம் செவ்வாய்பேட்டையில் பேண்டு செட்டில் சாக்சபோன் வாசித்தவர். ஆடிப் பண்டிகையில், குகைப் பகுதியில் சாமி வேடமிட்டு அலங்கார வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கையில் அவர் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவன் நான். இன்று அவர் இல்லை. அவர் வாசித்ததில் ஒரு நிமிடம்கூட எங்களிடம் இல்லை. பழைய கல்யாண வீடியோக்களில் தேடினேன். மாப்பிள்ளை அழைப்பில் அவர் கன்னம் உப்ப ஊதுகிறார், மேலே சினிமாப் பாட்டை ஒட்டியிருக்கிறார்கள்.

இதை எழுதத் தூண்டியவர் டீனா புரூக்ஸ். 1932இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த ஜாஸ் கலைஞர். டெனர் சாக்சபோன் வாசித்தவர். இயற்பெயர் ஹெரால்ட். சிறுவயதில் பொடியனாக இருந்ததால், பொடிசு என்று பொருள்படும் 'டீனி' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து டீனா என்ற செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1958 முதல் 1961 வரை புளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக நான்கு இசைத்தட்டுகளுக்கான இசையைத் தன் தலைமையில் பதிவு செய்தார். அவர் கண்முன் கடைக்கு வந்தது 'ட்ரூ புளூ' ஒன்றுதான். 1974இல், 42 வயதில் இறந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து அந்த நான்கில் முதல் பதிவு ஜப்பானில் வெளியானது. 1985இல் மொசைக் நிறுவனம் நான்கையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தது.

அந்த முதல் பதிவை நீங்கள் ஒருமுறை கேட்க வேண்டும். டிரம்ஸில் ஆர்ட் பிளேக்கி முழங்குகிறார், டிரம்பெட்டில் பத்தொன்பது வயது லீ மார்கன் துள்ளுகிறார். புரூக்ஸ் குரலை உயர்த்துவதே இல்லை. முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்தில் மூச்சை விடாமல் அடுத்த வளைவுக்குள் இறங்கிவிடுகிறார். பிடியும் குழைவும் ஒன்றாக வரும் அந்த ஓசையில் என் மாமாவைக் கேட்டேன். மிகையாகச் சொல்லவில்லை.

புரூக்ஸ் மீண்டு வந்ததற்குக் காரணம், வெளியிடாத ஒலிநாடாவும் பத்திரமாக இருந்ததுதான். 'ட்ரூ புளூ' பதிவான நாள் 1960 ஜூன் 25 என்பதும், உடன் வாசித்த நால்வரின் பெயர்களும் தெரிகின்றன என்றால், யாரோ அன்றே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதனால் கேட்கிறேன். வரும் மே மாதம் மலர்க்கண்காட்சி நாட்களில் ஒரு மாலையைச் சேலம் மாவட்டத்துப் பேண்டு செட், நாகஸ்வரக் கலைஞர்களுக்கு ஒதுக்குங்கள். சினிமாப் பாட்டுக்கு இடையே ஐந்து நிமிடம் அல்ல, முழு மாலை. வாசிப்பதை முறையாக ஒலிப்பதிவு செய்யுங்கள். சாக்சபோனுக்குத் தனி மைக் வேண்டும். இல்லையென்றால் டிரம்ஸ் அதை விழுங்கிவிடும். வாசித்தவர் பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு பிரதி மாவட்ட மைய நூலகத்துக்கு, ஒரு பிரதி வாசித்தவர் வீட்டுக்கு. உரிய சன்மானமும் கொடுங்கள்.

தள்ளிப்போட வேண்டாம். இது மூச்சு வாத்தியம். முன்பல் விழுந்தாலே வாசிப்பு போய்விடும். மாமாவோடு வாசித்தவர்களில் மூவர் இன்னும் செவ்வாய்பேட்டையில் இருக்கிறார்கள். அழைத்தால் அவர்களை நானே மலைக்குக் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பேண்டு செட் கலைஞரின் மருமகன்
சேலம்