மெலடோனின் மாத்திரையைப் பற்றி மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

நோய் எதிர்ப்பு ஆற்றல் கூடட்டும் என்று, இரவுப் பணி நாட்களில் நினைத்த நேரத்தில் மெலடோனின் மாத்திரை போட்டுக்கொள்வதாக நீ எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. மெலடோனின் சத்து மருந்து அன்று. இரவாகிவிட்டது என்று உடல் முழுவதற்கும் தெரிவிக்கும் ஹார்மோன் செய்தி. அதனால் அளவைவிட நேரமே அதில் பெரிது.

விழித்திரையில் வெளிச்சத்தை, குறிப்பாக நீல ஒளியை, அளந்து சொல்வதற்கென்றே சில நரம்புச் செல்கள் இருக்கின்றன. அவை மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் உள்ள, உடலின் நேரத்தை ஒழுங்குசெய்யும் தலைமைக் கடிகாரத்துக்குத் தகவல் தர, அங்கிருந்து தண்டுவடத்தில் இறங்கிக் கழுத்து வழியாக மீண்டும் மேலேறும் நரம்புப் பாதையில் மூளைக்குள் இருக்கும் சிறிய பினியல் சுரப்பிக்குக் கட்டளை போகிறது. இருட்டியதும் அச்சுரப்பி செரடோனின் என்ற வேதிப்பொருளை மெலடோனினாக மாற்றி, சேர்த்து வைக்காமல் உடனுக்குடன் இரத்தத்தில் விடுகிறது. பெரும்பாலோருக்குப் பின்னிரவு 2 முதல் 4 மணிக்குள் அது உச்சத்தைத் தொடும். இடையில் பளிச்சென்று விளக்கைப் போட்டால் உற்பத்தி விரைவில் சரிந்துவிடும். 1958இல் இதைப் பிரித்தெடுத்த ஆரன் லெர்னர் தோல் மருத்துவர் என்பதும், அவர் தேடியது தோலின் நிறத்தை மாற்றும் பொருளை என்பதும் எனக்கு இன்றும் வியப்பு.

இந்தச் செய்தியைப் படிக்கும் ஏற்பிகள், அதாவது மெலடோனின் வந்து ஒட்டும் புரதங்கள், நோயை எதிர்க்கும் நிணநீர்ச் செல்களிலும் உள்ளன. இரவில் அழற்சியை அடக்கும் ஹார்மோனான கார்டிசால் தாழ்ந்து மெலடோனின் உயரும்போது, இரத்தத்தில் நிணநீர்ச் செல்களில் ஒரு வகையான டி செல்களின் எண்ணிக்கை கூடுகிறது. அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் என்ற செய்திப் புரதங்களும் ஏறுகின்றன. விடியலில் கார்டிசால் எழுந்ததும் இவை தணிகின்றன. முடக்குவாதம் உள்ளவர்கள் காலையில் விரல்களை மடக்க முடியாமல், தேநீர்க் கோப்பையைக்கூட இரு கைகளாலும் ஏந்த வேண்டியிருப்பதற்கு இந்த இரவு ஏற்றமும் ஒரு காரணம். ஆக, மெலடோனின் எதிர்ப்பாற்றலை எப்போதும் ஒரே பக்கமாக உயர்த்துவதில்லை. எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்களும் உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது என்பது இதனால்தான்.

1980களில் மேஸ்ட்ரோனி என்ற ஆய்வாளரின் குழுவினர் சுண்டெலிகளில் கண்டது, நினைத்த நேரத்தில் மாத்திரை போடும் உன் பழக்கத்துக்கு நேராகப் பொருந்துகிறது. மாலையில் மெலடோனின் உற்பத்தியைத் தடுத்தபோது கிருமிகளை எதிர்க்க உடல் செய்யும் புரதமான எதிர்ப்பொருள் உருவாவது குறைந்தது. மெலடோனினைக் கொடுத்தபோது மீண்டது. ஆனால் பிற்பகலில் செலுத்தினால்தான் பலன் தெரிந்தது, காலையில் செலுத்தினால் தெரியவில்லை. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல நான் துணியமாட்டேன். எனினும் நேரம் தவறிய மாத்திரை வேண்டாத வேளையில் இரவென்று அறிவித்து உன் கடிகாரத்தை இன்னும் குழப்பக்கூடும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பணி முடிந்து திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள், படுக்கும் அறையில் தடித்த திரை போடு, படுக்குமுன் கைப்பேசியைத் தள்ளி வை. மாத்திரை வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த நேரத்தில் என்பதை உன் பணி அட்டவணையைக் காட்டி மருத்துவரிடமே கேள். அடுத்த காய்ச்சல் தடுப்பூசியை, தொடர்ந்து சில நாட்கள் இரவில் தூங்க வாய்க்கும் விடுப்பு வாரத்தில் போட்டுக்கொள். மருத்துவர் சொன்னதை எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா