பேரனிடம் இதைக் காட்டு

ஏற்காடு

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே காப்பிப் பழம் பறிப்பு நடக்கிறது, ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு.

டென்னிஸ் பழகும் உன் பேரன், "ஸ்பெயினின் நடால் சென்னையில ஆடினாரா? கதை விடாதீங்க தாத்தா" என்றானாமே! அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் ஆடிய, ஆண்களுக்கான சென்னை ஓப்பன் டென்னிஸ் போட்டி 2017-ஓடு நின்று, மறு வருடமே புனேவுக்குப் போய்விட்டது. 1996-ல் டெல்லியில் தொடங்கியது, 1997-ல் நுங்கம்பாக்கம் வந்தது. தெற்காசியப் போட்டிகளுக்காக 1995-ல் கட்டிய அரங்கம் தயாராக இருந்தது. முதலில் சிகரெட்டின் பெயர், அப்புறம் டாடா, கடைசியில் ஏர்செல் என்று ஸ்பான்சருக்கேற்பப் பெயர் மாறியது.

2008 அரையிறுதியை மட்டும் விரிவாகச் சொல். நடாலும் அவரோடு மோதிய மோயாவும் ஒரே தீவு, ஸ்பெயினின் மயோர்க்காக்காரர்கள். மூன்று செட்டும் டை-பிரேக்கில், அதாவது 6-6 சமனான பின் ஆடும் முடிவு ஆட்டத்தில், முடிந்தன. 3 மணி 54 நிமிடம்! ஒவ்வொரு பாயிண்டுக்கும் நடுவே துண்டு கேட்டுக் கை நீட்டுவார்கள், பந்துப் பையன்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். தோற்கும் நிலையிலிருந்து நடால் மீண்டு ஜெயித்தார். மறுநாள் இறுதியில் ரஷ்யாவின் யூஸ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். காலில் தெம்பே இல்லை. அந்த மோயாதான் பிற்பாடு நடாலுக்குப் பயிற்சியாளரானார். 2005-ல் கோப்பையை வென்று, பரிசுப் பணத்தைச் சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்தவரும் அவரே.

போட்டி ஜனவரி முதல் வாரம் என்பதால், மெல்போர்னில் நடக்கும் ஆஸ்திரேலிய ஓப்பனுக்கு முன் கைபழகப் பெரிய ஆட்டக்காரர்கள் வருவார்கள். சுவிட்சர்லாந்தின் வாவ்ரிங்கா 2014-ல் சென்னையில் ஜெயித்த கையோடு மெல்போர்னிலும் ஜெயித்தார். சென்னையில் மட்டும் அவருக்கு 4 பட்டம். ஆனால் எனக்குப் பிடித்தவர் இந்திய வீரர் சோம்தேவ்தான். 2009-ல் வைல்டு கார்டில், அதாவது போட்டி நடத்துபவர்கள் தரும் சிறப்பு அனுமதியில், நுழைந்து இறுதிவரை போனார், சிலிச்சிடம் தோற்றார். நம்மாள் என்பதால் சொல்லவில்லை, மோயாவையே சாய்த்துவிட்டுத்தான் போனார்.

புனேவுக்குப் போனதில் எனக்கு இன்னும் கோபம்தான். உரிமை வைத்திருந்தவர்களுக்கு நம் ஊர் வாடகை வீடு, அவ்வளவுதான். 2022-ல் அதே அரங்கில் பெண்கள் போட்டி நடந்தது; 17 வயது லிண்டா ஃப்ருவிர்டோவா பட்டம் வென்றார். அடுத்து எப்போது நடந்தாலும் பேரனைக் கூட்டிப் போ. எனக்கும் டிக்கெட் போடு, ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்து வந்துவிடுகிறேன்.

மிளகு காய்ந்ததும் அனுப்புகிறேன். போன வருடம் மாதிரி இரண்டு கிலோ போதுமா?

உன் மாப்ளே