சுறா படம் மட்டும் போதாது, தண்ணி எத்தனை டிகிரின்னும் எழுதுங்க

கடற்கரை பாதுகாப்பு பாக்குற அதிகாரிங்களுக்கு வணக்கம்,

குளிர்ந்த கடல்ல வருஷம் பூரா நீந்துற ஆளு நான். உங்க எச்சரிக்கை போர்டுல பல்லு தெரியுற சுறா படம் பெருசா இருக்கு, ஆனா அன்னைக்கு தண்ணி எத்தனை டிகிரின்னு எங்கயுமே இல்ல. இதத்தான் மாத்தச் சொல்லி கேக்குறேன்.

முதல் தடவ 12 டிகிரி தண்ணில இறங்குனப்ப என் கண்ணு சுறாவத்தான் தேடிட்டு இருந்துச்சு. தண்ணி நெஞ்சத் தொட்டதும் வாய் தானா திறந்து மூச்ச இழுக்க ஆரம்பிச்சுது, நிறுத்தப் பாத்தேன் முடியல, அந்த நேரம் ஒரு அலை முகத்துல அடிச்சிருந்தா உப்புத்தண்ணி நேரா நுரையீரலுக்குத்தான் போயிருக்கும், கரை பக்கத்துலயே இருந்தும். இதுக்குப் பேரு கோல்ட் ஷாக்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. தண்ணி 15 டிகிரிக்கு கீழ இருந்தா ரொம்ப கவனமா இருக்கணும். முதல் ரெண்டு மூணு நிமிஷம்தான் மோசம், கை கால அடிக்காம மல்லாக்க மிதந்தா மூச்சு அடங்கிடும். இந்த ஒரு வரி போர்டுல இருந்திருந்தா நான் அவ்ளோ தவிச்சிருக்க மாட்டேன். அதுக்கப்புறம் கை மரத்துப் போறது தனி ஆபத்து, நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களுக்கே கை வீச வராது. கரையேறுன பிறகும் உடம்பு சூடு கொஞ்ச நேரம் இறங்கிட்டேதான் இருக்கும், ஈரத்துணிய உடனே மாத்தணும்.

சுறா பயம் பொய்னு சொல்லல. வெள்ளைச் சுறா தன் உடம்ப சுத்தியிருக்குற தண்ணிய விட சூடா வச்சுக்கும், அதனால குளிர்கடல் அதுக்கு ஒரு தடையே இல்ல, அது தின்னுற சீல் (கடல்நாய்) கூட்டம் இருக்குற பக்கம் வரத்தான் செய்யும். ஆனா 2024ல மனுஷன் சீண்டாம சுறா கடிச்சது உலகம் முழுக்க 47 தடவதான்னு ஃப்ளோரிடா அருங்காட்சியகத்தோட பதிவு சொல்லுது. 2021ல தண்ணில மூழ்கி செத்தவங்க சுமார் 3 லட்சம்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு போடுது, அதுல ஆறு குளம் எல்லாம் சேரும்தான், இருந்தாலும் எது அதிகமா உயிர எடுக்குதுன்னு பாருங்க.

சுறாவுக்கும் அன்னன்னைக்கு நிலவரம்தான் வேணும். கேப் டவுன்ல 2004லருந்து ஷார்க் ஸ்பாட்டர்ஸ்னு ஒரு குழு இருக்கு, மேட்டுல ஆள் உக்காந்து கடலப் பாத்துட்டே இருப்பாங்க. பச்சைக் கொடின்னா தண்ணி நல்லா தெரியுது, சுறா எதுவும் கண்ணுல படல. கறுப்புன்னா தண்ணிக்குள்ள சரியா தெரியல. சிவப்புன்னா உஷார். சுறா படம் போட்ட வெள்ளைக் கொடி ஏறி சைரன் அடிச்சா எல்லாரும் வெளிய வந்துடணும். எவ்ளோ தெளிவா இருக்கு!

சுறாவத் தடுக்க கடல்ல வலை போடலாம்னு மட்டும் யோசிக்காதீங்க. சிட்னில 1937லருந்து போடுறாங்க, ஒரு வலை 150 மீட்டர் நீளம்தான், கரைய முழுசா அடைக்காது, சுறா சுத்திக்கிட்டு வந்துடும், நடுவுல டால்பினும் ஆமையும் மாட்டி சாகுது. அந்தக் காச கடலப் பாக்குற ஆளுக்குக் குடுங்க.

தினமும் காலைல ஒரு தெர்மாமீட்டர தண்ணில விட்டு எத்தனை டிகிரின்னு சாக்பீஸால எழுதுனாக்கூட போதும், நாங்க படிச்சுட்டுத்தான் இறங்குவோம்.