எத்தனை விமானம் என்று மட்டும் கேட்காதீர்கள்

பாதுகாப்பு நிதி ஒதுக்கீட்டைப் பரிசீலிக்கும் நாடாளுமன்றக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். விமானப்படைக்கு நிதி கேட்டு வரும் கோப்பில் உங்கள் கண்ணில் முதலில் படுவது போர் விமானங்களின் எண்ணிக்கை. அதை மட்டும் பார்த்துப் பணம் ஒதுக்கினால், வாங்கியதில் ஒரு பங்கு ஹேங்கரிலேயே கிடக்கும்.

விமானப்படையின் முதல் வேலை, நம் வானில் எதிரியைத் தலைகாட்ட விடாமல் தடுப்பது. தரைப்படைக்குத் துணை நிற்பதும் சரக்கு ஏற்றிச் செல்வதும் அது கைகூடினால்தான் நடக்கும். தடுக்க வேண்டுமென்றால் முதலில் கண்ணில் பட வேண்டும். 10 மீட்டர் உயரத்தில் பொருத்திய தரை ராடாருக்கு, 30 மீட்டர் உயரத்தில் தாழப் பறந்து வரும் விமானம் சுமார் 35 கிலோமீட்டரில்தான் தட்டுப்படும். பூமியின் வளைவு அதற்கு மேல் விடாது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் மிச்சம் இருப்பது இரண்டரை நிமிடம்கூட இல்லை. அதே ராடாரை விமானத்தில் வைத்து 9,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் பார்வை ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்கு நீளும். இருந்தும் சிக்கனம் என்றதும் முதலில் வெட்டு விழுவது ராடார் விமானத்துக்கும், பறக்கும்போதே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் டேங்கருக்கும்தான். டேங்கர் எவ்வளவு தேவைப்படும் என்பதற்கு ஓர் உதாரணம்: பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போரில், அந்தத் தீவுகளின் தலைநகர் ஸ்டான்லியின் ஓடுபாதையைத் தாக்கப் போன ஒற்றை வல்கன் குண்டுவீச்சு விமானத்துக்காக பிரிட்டனின் 11 விக்டர் டேங்கர்கள் கிளம்பின. போட்ட 21 குண்டுகளில் ஓடுபாதையில் விழுந்தது ஒன்று.

எங்களுக்குப் பெரிய கவலை உதிரி பாகம். 18 விமானங்கள் கொண்ட ஸ்குவாட்ரனில் (விமானப்படைப் பிரிவில்) 10 மட்டும் பறக்கும் நிலையில் இருந்து, ஒவ்வொன்றும் நாளுக்கு இரண்டு முறை எழும்பினால் 20 சார்ட்டி, அதாவது 20 பறப்பு. 14 தயாராக இருந்து மூன்று முறை எழும்பினால் 42. புது விமானம் ஒன்றுகூட வாங்கவில்லை, பலம் இரட்டிப்பாகிவிட்டது.

ஸ்டோரில் ஹைட்ராலிக் பம்ப் இல்லையென்றால், நிற்கிற விமானத்திலிருந்து கழற்றிப் பறக்க வேண்டியதில் மாட்டுவார்கள். ஒரு கழற்றல், ஒரு மாட்டலோடு முடிய வேண்டிய வேலை இரண்டிரண்டாகும். இரண்டு விமானத்திலும் கசிவுச் சோதனை, இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது எல்லாம் மறுபடி. குழாய் இணைப்பும் சீலும் தேய்வது தனிக் கணக்கு. இப்படி 'தற்காலிகமாக' நிறுத்திய விமானத்தில் அடுத்தடுத்து ஆளாளுக்குக் கை வைப்பார்கள். பிறகு அதை எழுப்புவது பெரும்பாடு.

ஓடுபாதைப் பழுதுபார்ப்புக் குழுவையும் மறக்க வேண்டாம். குண்டுக் குழியை நிரப்பினால் மட்டும் போதாது. விளிம்பில் மேலெழுந்த கான்கிரீட்டை வெட்டி, ஜல்லியை அடுக்கடுக்காக இறுக்கி, கடைசிக் கல் வரை பெருக்க வேண்டும். ஒரு சிறு கல் உள்ளே போனாலே இன்ஜின் பிளேடு உடையலாம்.

அடுத்த கூட்டத்தில் இவற்றைக் கேளுங்கள்: இன்று பறக்கத் தயாரான விமானங்கள் எத்தனை, தொடர்ந்து 10 நாள் எத்தனை சார்ட்டி தர முடியும், பாகத்துக்காக 30 நாளுக்கு மேல் காத்து நிற்பவை எத்தனை. பதிலை ஸ்குவாட்ரன் வாரியாக வாங்குங்கள். சராசரியில் எல்லாம் மறைந்துவிடும்.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்புத் துறையினர்