அலிபாக் ஆட்டோக்கார அண்ணனுக்கு நன்றி

எங்கள் மும்பை பக்கத்து வீட்டு ஆன்ட்டி பெனே இஸ்ரேல் யூதர். கொங்கணக் கிராமங்களில் செக்காட்டி, சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்தியதால் ‘சனிவார் தேலி’ (சனிக்கிழமை எண்ணெய்க்காரர்) எனப் பெயர் பெற்றவர்களின் வழிவந்தவர். எலியா தீர்க்கதரிசியின் தேர்த்தடம் பதிந்ததாக அவர்கள் நம்பும் பாறை, அலிபாக் பக்கத்துக் கண்டாலாவில் இருக்கிறது. அங்கே வேண்டுதல் முடிக்கப் போகும் வழியில் கார் நின்றுவிட்டது.

நீங்களாகவே ஆட்டோவை ஓரங்கட்டி, ஆன்ட்டியைக் கைத்தாங்கலாக ஏற்றினீர்கள். பாறையில் சருகைக் கூட்டினீர்கள். மலீதா என்ற படையலுக்கு அருகிலிருந்த வீட்டில் தேங்காயும் துருவி வாங்கிவந்தீர்கள். ஊறிய அவல், தேங்காய்ப்பூ, பழங்கள் எல்லாம் தட்டில் சேர்ந்ததும் ஆன்ட்டி ‘ஷெமா’ ஜெபம் சொன்னார். மற்ற ஜெபங்கள் மறந்த தலைமுறைகளிலும் அவர்கள் விடாமல் காத்தது அது. நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அண்ணா.

மலீதாவை வாங்கிக்கொண்டீர்கள், பணத்தை வாங்கவில்லை. அலிபாக்கில் யாராவது இருந்தால் இதை அந்த ஆட்டோக்கார அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள். ஆன்ட்டி இன்னும் அவரை விசாரித்துக்கொண்டே இருக்கிறார்.